தவறுதலாக உண்ட ஒரு கவளம்: சீலியாக் நோயும் நமது சமையலறையும்

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் பாடசாலை விடுமுறைக் காலங்களிலும் கனடா, பிரித்தானியா, நோர்வே போன்ற நாடுகளிலிருந்து உறவினர்கள் தாயகம் வருவது வழமை. அவ்வாறு வருவோரிற் சிலர், வீட்டினுள் காலடி வைத்ததுமே ஒரு செய்தியைக் கூறுகின்றனர். "பிள்ளைக்குக் கோதுமை மா கொடுக்கக்கூடாது, டொக்டர் முற்றாக நிற்பாட்டச் சொல்லிவிட்டார்" என்பதே அது. "அதற்கென்ன, இங்கே நாங்கள் பாணா சாப்பிடுகிறோம், புட்டும் இடியப்பமும் தானே" என்று வீட்டார் ஆறுதல் கூறுவர். அன்றிரவே பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறது. புட்டுக்குக் குழைத்த மாவில் பாதி அவித்த கோதுமை மா என்பது அப்பொழுதுதான் எவருக்கோ நினைவுக்கு வருகிறது.

இதில் எவரது அன்பிலும் குறையில்லை. எனினும் அந்த இரவில் என்ன செய்வது, மறுநாள் என்ன செய்வது, இந்த ஒரு தவறினால் விளையும் கேடு எவ்வளவு என்ற வினாக்களுக்கு விடை தெரியாமையே பெருந்துன்பமாகி விடுகின்றது. வெளிநாட்டு உறவினருக்கு மாத்திரம் உரிய நோயாகவும் இதனைக் கருதிவிட முடியாது.

சீலியாக் நோய் என்பது கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தினால் தூண்டப்படுவதாகும். இது சாதாரண ஒவ்வாமை அன்று. குறிப்பிட்ட பரம்பரையலகுகளை உடையவர்களில் ஒரு பகுதியினருக்கு, குளூட்டன் சிறுகுடலை அடைந்ததும் உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் மழுங்கித் தட்டையாகின்றன. வயிற்றோட்டம், வயிற்றுப்பொருமல், பிள்ளைகளின் வளர்ச்சி குன்றல், மருந்துக்கு மசியாத குருதிச்சோகை, எலும்புத் தேய்வு, சிலருக்குக் கருத்தரிப்பதில் தாமதம் என்று அதன் வெளிப்பாடுகள் பலவாகும். மிக அரிதாகக் குடலில் ஒருவகைப் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. இதனைக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. அவ்வாறு தவிர்த்தால் மழுங்கிய சடைமுளைகள் மீண்டும் வளர்கின்றன.

இந்த எளிய உண்மையைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு நீண்ட காலம் பிடித்தது. 1888 ஆம் ஆண்டில் சாமுவேல் கீ என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்நோயைத் தெளிவாக விபரித்து, இதற்கு மாற்று உண்டெனில் அது உணவு முறையிலேதான் உண்டு என்றார். அவ்வளவும் சரி. ஆனால் அவர் சோற்றை விலக்கிவிட்டு, மெல்லியதாக வெட்டி நன்றாக வாட்டிய பாணை அனுமதித்தார்! அவர் பார்த்த ஒரு குழந்தை, நாள்தோறும் சிறந்த ஒல்லாந்துச் சிப்பிகளை உண்டு நன்கு தேறியது. சிப்பிக் காலம் முடிந்ததும் நோய் திரும்பியது. மறு ஆண்டு சிப்பியை வாயில் வைக்கவே அக்குழந்தை மறுத்துவிட்டது என்றும் அவர் எழுதி வைத்துள்ளார். 1924 இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வாழைப்பழ உணவு முறையை அறிமுகம் செய்தார். அதிற் பிள்ளைகள் தேறியமைக்குக் காரணம் வாழைப்பழமன்று, அவர் பாணை நிறுத்தியமையே என்பது பின்னரே தெரியவந்தது.

விடையைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே அவருக்குக் கோதுமை மீது ஐயம் இருந்தது. 1944 - 45 குளிர்காலத்தில் ஜேர்மனியரின் முற்றுகையால் அந்நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. பாண் கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடந்த அந்நாட்களில் சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் மாத்திரம் தேறினர். பாண் மீண்டும் கிடைக்கத் தொடங்கியதும் அவர்கள் மறுபடி நோயுற்றனர். பின்னர் அவரும் அவரது சகாக்களும் அளவிட்டு ஆராய்ந்து உறுதிப்படுத்திய முடிவுகள் 1950 இல் அவரது கலாநிதிப் பட்ட ஆய்வேடாக வெளிவந்தன.

நமது பிராந்தியத்தின் நிலை என்ன? இந்தியாவில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஓர் ஆய்வு கவனத்திற் கொள்ளத்தக்கது. சீலியாக் நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரிடமும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவரளவிலும் காணப்பட்டன. ஆனால் நோய்க்கு இடமளிக்கும் பரம்பரையலகுகளை உடையோர் இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தினரே, அதாவது மூன்றில் ஒருவர் அளவினர். வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. வடக்கே சப்பாத்தி, தெற்கே சோறு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எனினும் அமெரிக்காவின் பி.எல். 480 உதவித் திட்டக் காலந்தொட்டு இறக்குமதியான மா நமது காலையுணவையும் இரவுணவையும் படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. மூத்தோர் சிலர் அதனை இன்றும் 'அமெரிக்கன் மா' என்றே அழைக்கின்றனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோதுதான் அது எத்தனை பண்டங்களுக்குள் புகுந்திருக்கின்றது என்பதைப் பலர் உணர்ந்தனர். இந்நிலையில், காரணம் புலப்படாத குருதிச்சோகையோடும் நாட்பட்ட வயிற்றோட்டத்தோடும் கிளினிக்குகளுக்கு அலைவோரிடையே இந்நோயாளர் சிலரேனும் இருக்கக்கூடும் என எண்ணுவதில் தவறில்லை. ஆனால் சந்தேகம் உடையவர்கள் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பின்னர் பரிசோதனைக்குச் செல்லக்கூடாது. நிறுத்திச் சில காலம் சென்றால் இரத்தப் பரிசோதனையும் குடற் பரிசோதனையும் நோயில்லை எனக் காட்டிவிடலாம்.

தவறு எங்கே நேர்கின்றது?

பாணையும் பராட்டாவையும் எவரும் தெரியாமல் உண்பதில்லை. தவறு நேர்வது அரிசி உணவென நம்பப்படும் பண்டங்களிலேதான். யாழ்ப்பாணத்துத் தோசையில் உழுந்தோடு கோதுமை மா சேர்ப்பது பல வீடுகளில் வழக்கம். முறுக்குக்கு அவித்த கோதுமை மா. இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அரிசி மா விலை ஏறும்போதெல்லாம் கலப்பு கூடுகிறது. அப்பக் கரைசலிலும் கடை வடையிலும் மென்மைக்கெனச் சிலர் பாண் அல்லது கோதுமை மா சேர்ப்பர். கேசரியின் ரவை கோதுமையே. சோயா மீட் வகைகள் சிலவற்றிலும், பெரும்பாலான சோயா சோஸ் போத்தல்களிலும் கோதுமை உண்டு. கட்டிப் பெருங்காயமும் பெருங்காயத் தூளும் பெரும்பாலும் கோதுமை மா கலந்தே விற்கப்படுகின்றன. மோல்ட் பானங்கள் வாற்கோதுமையிலிருந்து வருபவை.

நோன்பு காலத்துக் கஞ்சி அரிசியினால் ஆனது, வட்டிலப்பத்திலும் மா இல்லை. ஆனால் இப்தார் மேசையில் கஞ்சிக்கு அருகே சமோசாவும் ரோல்ஸும் ரஸ்க் தூளில் புரட்டிய கட்லட்டும் இருக்கின்றன. இவை பொரிந்த எண்ணெயிலேயே பொரித்த கடலை வடை நோயாளிக்குப் பாதுகாப்பானதன்று. திருமண வீட்டுச் சஹனில் பலர் கூடி உண்ணும்போது, சற்று முன் பராட்டாவைப் பிய்த்த கை சோற்றினுள்ளும் வரும். கொத்துரொட்டி கொத்திய அதே தட்டிற் புரட்டிய 'பிரைட் ரைஸ்' பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கடைகளில் அதுவே வழமை. கத்தோலிக்கருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நற்கருணை அப்பம் கோதுமையினால் ஆனதாகவே இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி. எனினும் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் ஏற்கத்தக்கது என 2003 இலும் 2017 இலும் வத்திக்கான் தெளிவுபடுத்தியுள்ளது. இரசத்தை மாத்திரம் பெறவும் இடமுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கூறினால் போதுமானது.

எவ்வளவு உண்டால் கேடு?

2007 இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், கட்டுப்பாட்டில் இருந்த நோயாளருக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதங்கள் கொடுத்தபோது சடைமுளைகள் பாதிப்படைந்தன. ஒரு துண்டுப் பாணில் உள்ள குளூட்டன் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம். அதாவது ஒரு துண்டுப் பாணின் ஐம்பதில் ஒரு பங்குகூட, நாள் தவறாமல் உட்சென்றால் தீங்கு செய்யும். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைந்த அளவைப் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கின்றனர். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், 'குளூட்டன் அற்றது' எனக் குறிப்பிடும் உணவுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லையை 2008 இல் விதித்தது. அந்த எல்லையில் உள்ள உணவை அரைக் கிலோ உண்டால்தான் 10 மில்லிகிராம் உட்செல்லும்.

இந்தக் கணக்கிலே நோயாளர் கவனிக்க வேண்டியது 'நாள்தோறும்', 'மூன்று மாதங்கள்' என்ற சொற்களையே. ஒரு தடவை தவறுதலாக உண்ட தோசை பல மாதக் கட்டுப்பாட்டை அழித்துவிடுவதில்லை. தொந்தரவுகள் பெரும்பாலும் சில நாட்களில் அடங்குகின்றன. மறுபுறம், நாளொன்றுக்கு 3 கிராம் அளவிற் குளூட்டனை 14 நாட்கள் கொடுத்த வேறோர் ஆய்வில் பெரும்பாலானோரின் குடலில் மாற்றம் தென்பட்டது. ஆகவே ஒரு நாளுக்கும் இரண்டு வாரங்களுக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிது. அந்த வேறுபாடு நோயாளியின் கையிலேயே உள்ளது.

இன்னொன்றையும் கூறியாக வேண்டும். தொந்தரவின் கடுமையும் குடலின் பாதிப்பும் ஒரே அளவினவாக இருப்பதில்லை. சிலர் சிறு துணுக்குக்கே துவண்டு விழுவர். சிலர் ஒரு பணிஸ் முழுவதையும் உண்டு எதுவும் உணரமாட்டார். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று பின்னவர் மீண்டும் மீண்டும் உண்பதுதான் உண்மையில் ஆபத்தானது.

அந்த இரவில்

குமட்டலும் வாந்தியும் பெரும்பாலும் உண்டு சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குகின்றன. வயிற்றோட்டம், பொருமல், தலைவலி, அசதி, சிந்தனை மந்தம் ஆகியன அடுத்த ஓரிரு நாட்களுக்கு நீடிக்கலாம். உட்சென்ற குளூட்டனை முறிக்கும் மருந்து ஏதுமில்லை. விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தல், பேதி மருந்து கொடுத்தல், கரித்தூள் வில்லை விழுங்குதல் ஆகியவற்றால் பயனில்லை. உடலின் நீரிழப்பே அதிகரிக்கும். குளூட்டனைச் செரிப்பிக்கும் எனக் கூறி விற்கப்படும் நொதிய வில்லைகளை நம்பித் தவறைத் திருத்தவும் முடியாது, தெரிந்தே உண்ணவும் முடியாது.

செய்ய வேண்டியவை எளியவை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தல் முதன்மையானது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனியை அதன் உறையிலுள்ள அளவின்படி கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அது கைவசம் இல்லையெனில், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். அளவு தவறக்கூடாது. உப்பு கூடினால் பிள்ளைகளுக்கு ஆபத்து. பசி எடுத்தால் அரிசிக் கஞ்சி, சவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு போதும். சடைமுளைகள் நலிவுற்றிருக்கும் வேளையில் பாலிலுள்ள வெல்லத்தைச் செரிக்கும் நொதியமும் குறைவதால், பால் குடித்து வயிறு பொருமுமாயின் சில நாட்களுக்கு அதனைத் தவிர்க்கலாம்.

நமது வழக்கங்களே இங்கு நோயாளிக்கு எதிராகத் திரும்புவதுண்டு. வயிற்று வலியென்றதும் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்போம். சோர்ந்து கிடப்பவருக்குப் பிஸ்கட்டும் மோல்ட் பானமும் எடுத்துச் செல்வோம். வைத்தியசாலைக் கட்டிலுக்குப் பாண் வரும். முதலாவது தவறுக்கு மருந்தாக இரண்டாவது தவறு ஊட்டப்படுகிறது. இஞ்சியோ கொத்தமல்லியோ அவித்த நீரில் அத்தகைய தீங்கில்லை. அவை பொதி செய்யப்பட்ட கலவைத் தூள்களாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

எல்லா வயிற்று வலிக்கும் குளூட்டனே காரணம் என்று முடிவு செய்வதும் தவறு. திருவிழா உணவு பழுதடைந்திருக்கலாம். காய்ச்சல், மலத்தில் இரத்தம், ஒரு நாளுக்கு மேல் நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், பிள்ளை மயங்கித் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். சீலியாக் நோயாளரிற் சிலருக்கு முதலாம் வகை நீரிழிவும் கூடவே இருக்கும். இன்சுலின் ஏற்றிக்கொண்ட பின் உண்டதை வாந்தி எடுத்துவிட்டால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு விழலாம் என்பதால், அவர்களுக்கு அந்த இரவு சாதாரண இரவன்று. கோதுமை உண்ட சில நிமிடங்களில் உடல் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறுமாயின் அது சீலியாக் அன்று, கடும் ஒவ்வாமை. உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

மறுநாள்

உடலைவிட மனம் செய்யும் தவறு பெரிது. "கெட்டது கெட்டுவிட்டது, இந்த வாரம் முழுவதும் எல்லோரையும்போல் உண்டுவிட்டு அடுத்த வாரம் தொடங்குவோம்" என்ற எண்ணம் பலருக்கும் வருகின்றது. உணவுக் கட்டுப்பாட்டை ஒரு விரதமாகக் கருதி, அது ஒருமுறை முறிந்தால் முழுவதும் வீணாயிற்று என நினைப்பதே இதன் வேர். மறதியாக உண்டவரின் நோன்பு முறிவதில்லை, நினைவு வந்ததும் அவர் அதனைத் தொடர்ந்து நிறைவு செய்ய வேண்டும் என்பது முஸ்லிம்கள் நன்கறிந்த மார்க்கச் சட்டம். குடலுக்கு மறதி என்ற சலுகை தெரியாதுதான். எனினும் நினைவு வந்த இடத்திலிருந்து தொடர்வது என்ற ஒழுங்கு இங்கும் அப்படியே பொருந்துகின்றது. அடுத்த வேளை உணவிலிருந்தே கட்டுப்பாடு தொடர வேண்டும். ரமழானில் இவ்வாறு நேர்ந்து வாந்தியும் வயிற்றோட்டமுமாக இரவைக் கழித்தவர், மறுநாள் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் நோயாளிக்கு இடமளித்திருக்கின்றது.

இதற்கு நேர்மாறான மனநிலையும் உண்டு. ஒரு தடவை பட்ட அவதிக்குப் பின் வெளியே நீர்கூட அருந்த அஞ்சுவோர், திருமண வீடுகளைத் தவிர்ப்போர், மருமகள் சமைத்ததை ஐயுறுவோர் இருக்கின்றனர். அளவு கடந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. குளூட்டன் கிருமியன்று, பெருகுவதில்லை. சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவிய பாத்திரமும் கத்தியும் போதுமானவை. தனிச் சமையலறை தேவையில்லை. தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவை மா அரிதட்டு, இடியப்ப உரல், மரக்கரண்டி, பொரிக்கும் எண்ணெய் போன்ற சிலவே. நோயாளியின் உணவை முதலில் சமைத்து மூடிவைத்துவிட்டுப் பின்னர் கோதுமை மாவைக் கையிலெடுப்பது செலவில்லாத பாதுகாப்பு.

தவறு நேர்ந்த விதத்தை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. என்ன உண்டது, எங்கே, யார் சமைத்தது, எத்தனை மணிக்குத் தொந்தரவு தொடங்கியது என்ற நான்கு விபரங்கள் போதும். இரண்டு மூன்று தடவைகளில் ஒரே கடையோ ஒரே பொதியோ வெளிப்பட்டுவிடும். ஒரு நாள் தவறை அறிய இரத்தப் பரிசோதனை உதவாது. பிறபொருளெதிரிகள் ஏறி இறங்க வாரங்களும் மாதங்களும் செல்லும். ஆனால் வழமையான மீள்பரிசோதனையில் அவை குறையாமலே இருப்பின், தெரியாத குளூட்டன் ஒன்று தொடர்ந்து உட்செல்கின்றது என்பதே பெரும்பாலும் பொருள். அப்போது இந்தக் கொப்பி வைத்தியருக்குப் பெரிதும் பயன்படும்.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலையில் நண்பன் நீட்டிய பிஸ்கட்டை உண்டுவிட்டு வரும் பிள்ளையை அடித்தால், அடுத்த முறை அது உண்பதை நிறுத்தாது, உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்தும். எதை உண்டது என்று அச்சமின்றி வந்து கூறும் பிள்ளையின் பெற்றோரே, இரவில் வாந்தி எடுக்கும்போது என்ன செய்வதென அறிந்திருப்பர். பிறந்தநாள் விழாவுக்கு அனுப்பும்போது கையில் ஒரு துண்டு ரவையற்ற தொதலோ கச்சானோ கொடுத்துவிடுவது பிள்ளைக்கும் நீட்டும் நண்பனுக்கும் வசதி.

விருந்தோம்புவோர் கேட்கும் கேள்வியும் மாறவேண்டும். "இதில் கோதுமை இருக்கிறதா" என்று கேட்டால், "இல்லை, அரிசி மாதான்" என்றே கடைக்காரரும் மாமியும் நல்லெண்ணத்துடன் விடை கூறுவர். "மாவோடு வேறென்ன கலந்தீர்கள்? அதே சட்டியில் முன்னர் என்ன பொரித்தீர்கள்? பெருங்காயம் எந்தப் பொதி?" என்று கேட்டால்தான், சற்று யோசித்துவிட்டு, "ஓம், ஒரு கைபிடி அவித்த மா போட்டேன்" என்ற உண்மை வெளிவரும்.